ஆறு குரல், ஒரே ரயில்

"இன்னொரு வாட்டி போடுங்க பாய்," என்றாள் சுகாசினி.

கலீல் போனைத் தொட்டார். காணாமல் போன கங்கையம்மாளின் குரல் ஐந்தாவது முறையாக அந்த அறையில் எழுந்தது.

"காயத்ரி, அம்மா பேசறேன். நான் நல்லாத்தான் இருக்குறேன். என்னை யாரும் தேடிக்கினு வர வேணாம். மில்லுல மூணாவது மிசினு, கடைசி கதிரு தட்டிக்கினே இருக்குது. மொதலாளிகிட்ட சொல்லி என்னான்னு பாக்கச் சொல்லு. வச்சிடறேன்."

குரல் நின்றது. மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த காயத்ரி கண்ணைத் துடைக்கவில்லை. இருபத்தைந்து வயது. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். காலை டியூட்டியை முடித்துவிட்டுச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். மூன்று வருஷத்தில் அழவேண்டியதையெல்லாம் அழுது தீர்த்துவிட்ட முகம்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையின் மாடியில் இருந்தது சுகாசினியின் அலுவலகம். கீழே கடை ஆட்கள் காரை மறித்து வாடிக்கையாளரைக் கூப்பிடும் சத்தம் ஓயாமல் வந்துகொண்டிருந்தது. சுகாசினி பதினோரு வருஷம் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தவள். ஒரு மேலதிகாரியைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அவர் ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்னால் தானே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். கலீல் முப்பத்தொரு வருஷம் டவுன் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டில் சும்மா உட்கார முடியாமல் அவளிடம் வந்து சேர்ந்துவிட்டார்.

"அம்மாவுக்கு அப்ப ஐம்பத்தொரு வயசு மேடம்," என்றாள் காயத்ரி. "ஐயம்பேட்டை பக்கம் நூல் முறுக்குற மில்லுல வேலை. ஒருநாள் சாயந்திரம் வேலை முடிஞ்சு கிளம்பினாங்க. வீட்டுக்கு வரல. அப்பா நான் சின்னப் பொண்ணா இருக்கும்போதே செத்துட்டாரு. எனக்கு அம்மா மட்டும்தான். ஒரு வாரம் கழிச்சு இந்த மொத வாய்ஸ் வந்துச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசத்துக்கு ஒண்ணு. மொத்தம் ஆறு."

"போலீஸ் என்ன சொன்னாங்க?"

"ஒவ்வொரு தடவையும் அம்மா நம்பர் பெங்களூர்ல அஞ்சு நிமிஷம் ஆன் ஆகுதாம். அவங்களா போயிட்டாங்க, பேசவும் பேசறாங்க, இதுல கேஸ் என்னம்மா இருக்குதுன்னு ஃபைலை மூடிட்டாங்க."

"உங்க வீட்ல வேற யாரு?"

"விமல்ராஜ் மாமா. அம்மாவோட கூடப்பொறந்த தம்பி. என்னைப் படிக்க வச்சது அவருதான். பட்டு வாங்க பெங்களூர் போறப்பல்லாம் அம்மா படம் போட்ட போஸ்டர் ஒட்டிட்டு வருவாரு. பாவம், அத்தையும் ஸ்டவ் வெடிச்சு செத்துட்டாங்க. அது நடந்து மூணு மாசத்துல அம்மா காணோம். மொத வாய்ஸைக் கேட்டுட்டு அப்படி அழுதாரு. அதுக்கப்புறம் வந்த எதையும் கேக்க மாட்டேன், என்னால தாங்க முடியாதுன்னுட்டாரு. வர்ற வியாழக்கெழமை அவருக்கு ரெண்டாங் கல்யாணம். அதுக்குள்ள அம்மாவைப் பத்தி ஏதாவது தெரிஞ்சா..."



"பாய், ஆறையும் நடுவுல நிறுத்தாம ஒண்ணு பின்னாடி ஒண்ணாப் போடுங்க," என்றாள் சுகாசினி. "அவங்க பேசறதை விடுங்க. பின்னாடி என்ன கேக்குதுன்னு கவனிங்க."

முதல் குரல் முடியும் இடத்தில், எங்கோ தொலைவில், ரயிலின் ஊதல். இரண்டாவது குரல் முழுக்கத் தடதடவென்று பெட்டிகள் ஓடின. மூன்றாவது தொடங்கும்போது அந்தத் தடதடப்பு தேய்ந்து மறைந்தது. நான்காவதில் வெறும் காக்கைச் சத்தம். "முட்டி வலி தேவலை, தைலம் வாங்கித் தடவிக்கினு இருக்குறேன்" என்றாள் கங்கையம்மாள் அதில். ஐந்திலும் ஆறிலும் அதே காக்கைகள். ஆனால் ஆறிலும் ஏதோ ஓர் இடத்தில் அந்த மூன்றாவது மெஷினும் நூல் முறுக்கும் கடைசிக் கதிரும் வந்தன.

கலீல் தலையைச் சொறிந்தார். "மேடம், ஒரே வண்டி ஒரு வருஷமா ஒரே எடத்தைத் தாண்டிக்கினு இருக்குது. ரயில்வே லேட்டுன்னு எனக்குத் தெரியும். இவ்ளோ லேட்டுன்னு தெரியாது."

காயத்ரி அவரைப் பார்த்தாள். பிறகு சுகாசினியைப் பார்த்தாள். அவள் உதடு வெளுத்தது.

"ஆமாம்மா," என்றாள் சுகாசினி மெதுவாக. "ஆறும் ஒரே நாள்ல, ஒரே எடத்துல, ஒரே மூச்சுல பேச வச்சது. யாரோ பதிவு பண்ணி வச்சுக்கிட்டு ஆறு மாசத்துக்கு ஒண்ணா இன்னொரு போன்ல ஓடவிட்டு அனுப்பியிருக்காங்க. மூணு வருஷமா உங்க அம்மா பேசல."

"அப்போ அம்மா..."

"எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன். ஆனா கத்தி முனையில உக்கார்ந்திருக்கிற பொம்பளை, பெத்த பொண்ணுகிட்டக் கடைசியா ஆறு வார்த்தை பேசக் கெடைச்சா, ஆறுலயும் மில்லு கதிரைப் பத்தி ஏன் பேசணும்?"

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வாட்டசாட்டமான ஒரு மனிதன் கதவருகே வந்து நின்றான். நாற்பத்தைந்து வயது இருக்கும். சலவைச் சட்டை, நெற்றியில் குங்குமம்.

"மாமா," என்றாள் காயத்ரி.

விமல்ராஜ் கைகூப்பினான். "ஆஸ்பத்திரியில விசாரிச்சேன், இங்க வந்திருக்கேன்னாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பாப்பா. சரி, எங்க போகணும்னாலும் சொல்லுங்க மேடம். கார் கீழதான் நிக்குது. எங்க அக்காவுக்காக நான் எங்க வேணா வருவேன்."

"ஐயம்பேட்டை மில்லுக்கு," என்றாள் சுகாசினி.

அவன் முகம் ஒரு கணம் கல்லானது. "அந்த ராமராஜன் மில்லா? அவன்தான் மேடம் எல்லாத்துக்கும் காரணம். காணாமப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடி அத்தனை பேர் எதிர்ல எங்க அக்காவை அறைஞ்சான். நான்தான் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்தேன். மூணு நாள் வச்சு அடிச்சும் வாயைத் தொறக்கல."

கார் கிளம்பியது. சுகாசினி முன்னால் உட்கார்ந்தாள். வாலாஜாபாத் சாலையில் லாரிகளைத் தாண்டிக்கொண்டே விமல்ராஜ் பேசிக்கொண்டு வந்தான். அக்கா தன்னை எப்படித் தூக்கி வளர்த்தாள், பள்ளிக்கூடத்துக்கு எப்படித் தோளில் சுமந்துபோனாள் என்றெல்லாம் சொன்னான்.

"எங்கயோ உசுரோட இருந்தாப் போதும் மேடம். முட்டி வலிதான் பாவம் அதுக்குப் பெரிய தொல்லை. தைலம் தடவித் தேவலைன்னு சொல்லுச்சு, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி."

சுகாசினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். போனை எடுத்துப் பின் சீட்டிலிருந்த கலீலுக்கு இரண்டு வரி அனுப்பினாள். கலீல் படித்தார். தன் போனில் வேறு யாருக்கோ எழுதத் தொடங்கினார்.

மில் என்றால் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. உள்ளே மெஷின்கள் ஓடும் இரைச்சல் சாலைவரை கேட்டது. கார் நின்றதும் வாசலிலிருந்து ஒரு மெலிந்த மனிதர், மில் முதலாளி ராமராஜன், வந்தார். அறுபதை நெருங்கும் வயது. காரிலிருந்து இறங்கிய விமல்ராஜைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த இரும்புக் கம்பியை எடுத்தார்.

முதல் அடியில் காரின் முன்விளக்கு உடைந்து சிதறியது. இரண்டாவது அடி விமல்ராஜின் தோளில் விழுந்தது. மூன்றாவதை விமல்ராஜ் கையில் பிடித்து, அவரை முழங்காலால் வயிற்றில் உதைத்தான். ராமராஜன் மண்ணில் விழுந்தார். விழுந்தவரின் முகத்தில் மிதிக்க அவன் காலைத் தூக்கியபோது கலீல் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

"வாங்க தம்பி, எதிர்ல டீக்கடை இருக்குது. நீங்க இங்க நின்னா இன்னொரு லைட்டும் போயிடும். மாப்பிள்ளை கார் ஒத்தைக் கண்ணோட கல்யாணத்துக்குப் போவக் கூடாது."

விமல்ராஜ் மூச்சு வாங்கிக்கொண்டே அவரோடு சாலையைத் தாண்டிப் போனான். போகும்போது இரண்டு முறை திரும்பி மில்லைப் பார்த்தான்.

சுகாசினி கம்பியை எடுத்து ராமராஜனிடமே நீட்டினாள். "எழுந்திரிங்க ஐயா. அடிக்கணும்னா என்னையும் அடிங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி."

அவர் தன் இடது கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று விரல்கள் மடங்காமல் குச்சிபோல் நின்றன. "மூணு நாள்மா. ஒவ்வொரு நாளைக்கு ஒரு விரலு. நூலு அறுந்தா ஒரு முடிச்சுப் போடக்கூட இந்தக் கையால முடியாது. அவன் எழுதிக் குடுத்ததுக்கு."

"கங்கையம்மாளை அறைஞ்சீங்களா?"

"அறைஞ்சேன்," என்றார். காயத்ரியைப் பார்க்காமல் சொன்னார். "மிசினு ஓடிக்கினு இருக்கும்போது அடியில கையை வுட்டுக்கினு இருந்துச்சு. தலைமுடி மாட்டியிருந்தா மண்டையோட உரிச்சிருக்கும். பயத்துல அறைஞ்சுட்டேன். அப்புறம் மன்னிப்பு கேட்டேன். கங்காவும் சிரிச்சுட்டுப் போயிடுச்சு. இதைத்தான் அந்த மூணு நாளும் சொன்னேன். எவனும் கேக்கல."

சுகாசினியின் கண்கள் சுருங்கின. "எந்த மெஷின் அடியில?"

"மூணாவது."

காயத்ரி இரண்டடி முன்னால் வந்தாள். "மூணு வருஷம் முன்னாடி நான் வந்து சொன்னேனே. மூணாவது மெஷின்ல கடைசி கதிர் தட்டுது, பாருங்கன்னு. நீங்க கதவைச் சாத்திட்டீங்க."

"சாத்திட்டேன். அப்பத்தான் ஸ்டேஷன்லேர்ந்து வந்திருந்தேன், கையில கட்டோட. உம் மூஞ்சைப் பாக்கவே முடியல. ஆனா மறுநாள் போயிப் பார்த்தேம்மா. கடைசி கதிரு நல்லாத்தான் ஓடுது. ஒரு கோளாறும் இல்ல."

மூன்று பேரும் உள்ளே போனார்கள். ஆட்கள் டீக்கு வெளியே போயிருந்தார்கள். மூன்றாவது மெஷின் சுவரோரம் நீளமாக நின்றது. நூலை முறுக்கும் இரும்புக் கதிர்கள் வரிசையாகச் சுழன்றுகொண்டிருந்தன. ஒரு முனையில் மோட்டார். மறு முனையில் ஜன்னல்.

"நீங்க பார்த்த கடைசிக் கதிர் எது?" என்றாள் சுகாசினி.

ராமராஜன் ஜன்னல் பக்கத்து முனையைக் காட்டினார். "நாங்க எல்லாம் மோட்டார் பக்கத்துலேர்ந்துதான் எண்ணுவோம்."

"கங்கையம்மாளும் அப்படித்தான் எண்ணுவாங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "இல்ல. அதுக்கு முட்டி வலி. ஜன்னலாண்ட ஒரு ஸ்டூலு போட்டுக் குடுத்திருந்தேன். அங்க உக்காந்து, அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். கங்காவுக்கு மட்டும் எல்லாமே தலைகீழ்."

"அப்போ அவங்களோட கடைசிக் கதிர் மோட்டார் பக்கம். எல்லா மெஷினையும் நிறுத்துங்க."

இரைச்சல் அடங்கியது. காயத்ரிதான் தரையில் படுத்து மெஷினுக்கு அடியில் கையை விட்டாள். சட்டத்தின் உட்பக்கம், முதல் கதிருக்கு நேர் கீழே, எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் மூடிய கறுப்பு டேப் விரலில் தட்டுப்பட்டது. கிழித்து எடுத்தாள். டேப்புக்குள் ஒரு மாத்திரை உறை. மாத்திரை உறைக்குள் ஒரு மெமரி கார்டு.

சீருடையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றி, தன் போனின் சிம் தட்டைத் திறந்து கார்டைப் போட்டாள். கார்டில் ஒரே ஒரு பதிவு இருந்தது.

முதலில் யாரோ மூச்சு விடச் சிரமப்படும் சத்தம். பிறகு கங்கையம்மாள்: "பிரவீனா, மெதுவாச் சொல்லும்மா. நான்தான் இருக்குறேன். வேற யாரும் இல்ல."

"அத்தை," என்றாள் காயத்ரி. தீயில் வெந்து செத்துப்போன அத்தை.

"ஸ்டவ்வு வெடிக்கல அண்ணி." வறண்டு உரிந்த குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு. "கதவைச் சாத்திட்டு ஊத்துனாரு. பெட்ரோலு. நான் கத்தக் கூடாதுன்னு வாயில துணி. எரியும்போது நின்னு பார்த்துக்கினு இருந்தாரு. உன் தம்பிதான் அண்ணி. வேற யாரும் இல்ல."

"மாஜிஸ்ட்ரேட்டம்மா வந்து கேட்டாங்களே, ஏன்மா சொல்லல?"

"ஜன்னலாண்ட நின்னுக்கினு இருந்தாரு அண்ணி."

கொட்டகையின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. உள்தாழ்ப்பாள் விழுந்தது.

விமல்ராஜ் நின்றிருந்தான். சலவைச் சட்டையில் ரத்தம் தெறித்திருந்தது. அது அவன் ரத்தம் இல்லை. கையில் பட்டு மூட்டை அறுக்கும் வளைந்த கத்தி.

"அதைக் குடு பாப்பா," என்றான். குரல் மாறவே இல்லை, காரில் பேசிய அதே அன்பான குரல். "மூணு வருஷமாத் தேடறேன். வீட்டு ஓட்டையெல்லாம் பிரிச்சுப் பார்த்தேன். குடுத்துட்டுப் போயிடு."

"கலீல் பாய் எங்க?" என்றாள் சுகாசினி.

"டீ கிளாஸை மூஞ்சியில குத்தினேன். கெழவன் கெடக்கறான்."

"நாலாவது வாய்ஸை நீங்க கேட்டதே இல்லைன்னு உங்க அக்கா பொண்ணு சொன்னா," என்றாள் சுகாசினி. அவன் பார்வை தன் மீதே இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு அடியாக நகர்ந்தாள். "ஆனா தைலம் தடவினது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பதிவு பண்ணும்போது பக்கத்துல இருந்தவனுக்குத்தான் அது தெரியும். கார்லயே ஸ்டேஷனுக்குச் சொல்லியாச்சு. வந்துக்கிட்டிருக்காங்க."

"வரட்டும். கார்டு இருக்காது."

அவன் பாய்ந்தான். சுகாசினி விலகினாள், ஆனால் முழுசாக விலக முடியவில்லை. கத்தி அவள் முன்கையை மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை திறந்துவிட்டுப் போனது. அவள் மற்ற கையால் அவன் தொண்டையில் குத்தினாள். இருமிக்கொண்டே அவளைத் தள்ளினான். அவள் பின்மண்டை மெஷின் சட்டத்தில் மோதியது.

அடுத்த கணம் காயத்ரியின் பின்னல் அவன் கையில் இருந்தது. தலையைப் பின்னால் இழுத்துக் கத்தியைக் கழுத்தில் வைத்தான்.

"உங்கம்மாவும் இப்படித்தான் அடம் புடிச்சா. நான் பொண்ணு பாக்க ஆரம்பிச்சதும் வந்தா. இன்னொருத்தியைக் கட்டினா இதைப் போலீசுல குடுப்பேன்னு சொன்னா. சொந்தத் தம்பிகிட்ட. ரெண்டு நாள் கட்டிப்போட்டு அடிச்சேன். கார்டு எங்கன்னு சொல்லவே இல்ல."

"ஆறு தடவை சொன்னாங்க," என்றாள் சுகாசினி தரையிலிருந்து. வாயில் வந்த ரத்தத்தைத் துப்பினாள். "உன் எதிர்லயே உக்காந்து, உன் போன்லயே ஆறு தடவை சொன்னாங்க. நீதான் பெங்களூருக்குப் போயி அனுப்பி வச்சே."

விமல்ராஜின் முகத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று உடைந்தது. அந்த ஒரு விநாடியில் காயத்ரி அவன் மணிக்கட்டைக் கடித்தாள். எலும்பில் பல் படும்வரை கடித்தாள். அவன் அலறிக் கையை உதறியபோது ராமராஜனின் இரும்புக் கம்பி அவன் முழங்கையில் இறங்கியது. மடங்காத விரல்களோடும் அந்த மனிதர் இரண்டு கையாலும் ஓங்கியிருந்தார். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. விமல்ராஜ் தடுமாறி முன்னால் சரிந்தான். கத்தி இன்னும் அவன் கையில்தான் இருந்தது. விழுந்த வேகத்தில் அது அவன் தொடையிலேயே பிடிவரை இறங்கியது. வலி தாங்காமல் மறு கையால் அவனே அதைப் பிடுங்கினான்.

பிடுங்கியிருக்கக் கூடாது. ரத்தம் ஊற்றுப்போல் பீய்ச்சி, கதிர்களில் ஏறியிருந்த வெள்ளைப் பட்டு நூலை நனைத்தது.

ராமராஜன் கம்பியை மறுபடி ஓங்கினார். "தள்ளுங்க," என்றாள் காயத்ரி.

அவள் மண்டியிட்டு, இரண்டு கைகளையும் அவன் தொடை இடுக்கில் வைத்துத் தன் முழு எடையோடும் அழுத்தினாள். பீய்ச்சல் நின்றது. அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்துக்கொண்டிருந்தது.

"பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கு," என்றாள். ஆஸ்பத்திரியில் பேசும் அதே குரல். "நான் கையை எடுத்தா மூணு, நாலு நிமிஷம். அவ்வளவுதான். எங்கம்மா எங்க?"

"பாப்பா... என்னைக் காப்பாத்து."

"எங்கம்மா எங்க?"

அவள் ஒரு கையை எடுத்தாள். ரத்தம் மறுபடி குமிழியிட்டது. அவன் குழந்தைபோல் முனகினான். சுகாசினி அவன் பேச்சைப் போனில் பதிவு செய்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவேண்டும் என்று தெரிந்தது. தடுக்கவில்லை.

"சூளை," என்றான். "பாலாத்தங்கரை. திருமுக்கூடலுக்கு எதிர்க்கரை, ரயில் ரோட்டை ஒட்டி மூடிப்போட்ட செங்கல் சூளை. பின்னாடி வேப்ப மரத்தடியில."

"புதைக்கும்போது உசுரு இருந்துச்சா?"

"இல்ல. சத்தியமா இல்ல. கழுத்தை... கழுத்தை நெரிச்சப்புறம்தான்."

காயத்ரி கண்ணை மூடினாள். மூடிய கண்ணோடு இரண்டாவது கையையும் பழைய இடத்தில் வைத்து அழுத்தினாள். முன்பைவிடப் பலமாக அழுத்தினாள்.

கதவு வெளியிலிருந்து இடிபட்டது. ராமராஜன் போய்த் திறந்தார். கலீல் நின்றிருந்தார். நெற்றியிலிருந்து தாடைவரை ரத்தம், ஒரு கண் மூடிக்கொண்டிருந்தது. பின்னால் டீக்கடைக்காரரும் நாலைந்து நெசவாளிகளும்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பாசஞ்சர் ஓடுற வண்டியிலேர்ந்து குதிச்சுட்டான்," என்றவர், உள்ளே இருந்ததைப் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து சுகாசினியின் கையைச் சுற்றிக் கட்டினார்.

"விட்டுடும்மா," என்றார் ராமராஜன் காயத்ரியிடம். "இவனை ஏன் புடிச்சுக்கினு இருக்கே? கையை எடு. யாரும் உன்னை ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"இவன் செத்தா மறுபடியும் ஒரு ஃபைலை மூடிருவாங்க," என்றாள் அவள். "இவன் நடந்து வந்து எடத்தைக் காட்டணும். கோர்ட்ல நிக்கணும். அத்தை பேசினதை எல்லார் எதிர்லயும் உக்காந்து கேக்கணும். அந்த வியாழக்கெழமைப் பொண்ணு வந்து இவன் மூஞ்சைப் பாக்கணும்."

போலீஸ் ஜீப்பும் 108 வண்டியும் ஒன்றாக வந்தபோது பதினெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. அதுவரை அவள் கையை எடுக்கவில்லை. விரல்கள் மரத்துப்போய், ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது வண்டி ஊழியர்தான் அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக் கட்டுப் போட்டார்.

காயத்ரியும் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை. யாரும் இறங்கச் சொல்லவும் இல்லை. ஊழியர் படிவத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பேஷண்டுக்கு நீங்க என்ன வேணும்மா?"

அவள் விமல்ராஜைப் பார்த்தாள். அவன் கண் திறந்திருந்தது.

"இவன் கொன்னுட்ட கங்கையம்மாளோட மக," என்றாள். "அப்படியே எழுதிக்குங்க சார்."

ஊழியரின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அவர் எழுதினார்.